காங்கயத்தில் மூன்று நாள்: அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கெல்லாம் போகலாம்?

துளசிமாடம்:

வணக்கம். கார்த்திகை இரண்டாம் வாரத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் காங்கயத்தில் தங்கப் போகிறோம். அம்மாவுக்கு 68 வயது. மகள் ஐந்தாம் வகுப்பு. தாம்பரத்திலிருந்து வருகிறோம்.

1982 முதல் 1985 வரை அப்பாவுக்குக் காங்கயத்தில் வேலை. கல்யாணமாகி வந்து அம்மா முதன்முதலில் குடித்தனம் நடத்திய ஊர் அதுதான். நான் பிறந்ததும் அங்கேதான், ஆனால் எனக்கு எதுவும் நினைவில்லை. அப்பா போன வருடம் தவறிவிட்டார். அதிலிருந்து அம்மாவின் பேச்செல்லாம் அந்த மூன்று வருடத்தையே சுற்றி வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே கை நீட்டிக் கொள்ளுப்பருப்பு கொடுத்தது, ஆடிக் காற்றில் கொடியில் காயப்போட்ட அப்பாவின் வேட்டி அடுத்த தெருவுக்குப் பறந்தது, இப்படி. போன வாரம் "ஒரே ஒரு தடவை அங்கே கூட்டிட்டுப் போடி" என்று கேட்டுவிட்டார். டிக்கெட் போட்டுவிட்டேன்.

நான் வளர்ந்த பிறகு அந்தப் பக்கம் ஒரே ஒரு முறை, கரூரிலிருந்து கோவைக்குப் போகிற பஸ்ஸில் கடந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் முள்மரமும் பொட்டல் வெளியும்தான் கண்ணில் பட்டன. தேடிப் பார்த்தால் சிவன்மலை முருகன் கோயில் ஒன்றுதான் வருகிறது. மூன்று நாளும் அங்கேயே இருக்கிற அளவுக்குப் பார்க்க ஏதாவது இருக்கிறதா? இல்லை, ஒரு நாளை எடுத்துப் பழனிக்குப் போய்விடலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. மகளுக்கு ஒரே ஆசைதான், காங்கயம் காளையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.


ஈரோட்டுப் பயணி:

காங்கயத்துக்கு ரயில் கிடையாது. ஈரோடு அல்லது திருப்பூரில் இறங்க வேண்டும். சேரன் எக்ஸ்பிரஸ் இரண்டு இடத்திலும் நிற்கும். திருப்பூரிலிருந்து தூரம் குறைவு, பஸ்ஸும் அதிகம். ஆனால் உங்களுக்கு நான் ஈரோட்டைச் சொல்வேன். விடிவதற்கு முன்னால் இறங்கிவிடுவீர்கள். ஸ்டேஷனில் ஒரு டீ குடித்துவிட்டு, வெளிச்சம் வந்தபின் அறச்சலூர், நத்தக்காடையூர் வழியாகக் காங்கயம் போகிற பஸ்ஸில் ஏறுங்கள். அறச்சலூர் வரை கீழ்பவானி வாய்க்கால் பாசனம். நெல், மஞ்சள், தென்னை என்று பச்சையாக இருக்கும். அதைத் தாண்டியதும் நிலம் நிறம் மாறுவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

சனிக்கிழமைக்கு மட்டும் ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள். உள் கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ்ஸை நம்பி வயதானவர்களைக் கூட்டிப் போனால் பாதி நாள் நிறுத்தத்திலேயே கழிந்துவிடும்.


கொறங்காடு:

வாங்க அம்மணி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பழனி எங்கேயும் போய்விடாது. மூன்று நாளையும் இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு நத்தக்காடையூர்ப் பக்கம். எட்டு ஏக்கர் நிலம், அதில் ஆறு ஏக்கர் கொறங்காடு. மூன்று மாடு, ஒரு கிடாரி, ஒரு பூச்சிக்காளை (இனவிருத்திக்கு வைத்திருக்கிற காளை), இருபது செம்மறி.

நீங்கள் பஸ் ஜன்னலில் பார்த்தீர்களே, அந்தப் "பொட்டல்", அதைப் பற்றித்தான் முதலில் சொல்லணும். எங்கள் பக்கத்தில் நிலத்தைப் பிரித்துத்தான் பேசுவோம். கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் தோட்டம். மழையை நம்பி விதைத்தால் காடு. மாடு மேய்வதற்கென்றே விட்டு, சுற்றிலும் உயிர்வேலி வைத்து அடைத்தது கொறங்காடு. தெரியாதவர்கள் கண்ணுக்குத் தரிசு மாதிரி இருக்கும். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஒவ்வொரு மரத்தையும் பார்த்துப் பார்த்து விட்டு வைத்த நிலம் அது. காங்கயம், தாராபுரம், மூலனூர், கரூர் வரைக்கும் இப்படித்தான். மழை வருடத்துக்கு 600, 650 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல வருடம் என்போம், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வந்துவிடும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வரும், மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். அம்மா சொன்ன வேட்டி பறந்த காற்று அதுதான். இந்த மண்ணில் விதைத்துத் தோற்பதைவிடப் புல்லை வைத்து மாட்டை வளர்ப்பது மேல் என்று எங்கள் பெரியவர்கள் கண்டுகொண்டார்கள்.

நீங்கள் வருகிற கார்த்திகைதான் அதைப் பார்க்கச் சரியான நேரம். மழை விழுந்து புல் எழும்பியிருக்கும். ஏதாவது ஒரு கொறங்காட்டு வேலி ஓரமாக வண்டியை நிறுத்தி இறங்குங்கள். வேலியில் இருப்பது முள்கிளுவை. கொம்பை வெட்டி ஈரத்தில் நெருக்கமாக ஊன்றிவிட்டால் அதுவே வேர்பிடித்து, கிளை கிளையோடு பின்னிச் சுவர் மாதிரி ஆகிவிடும். கோழிக்குஞ்சு நுழைய இடம் இருக்காது. பாப்பாவை ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், முள் மட்டும் பத்திரம். அந்த வாசனையை ஒரு தடவை பிடித்தால் மறக்காது. உள்ளே நிற்கிற புல் கொழுக்கட்டைப் புல். கதிர் விரல் நீளத்துக்கு, மயிர் மயிராக, பூனை வால் மாதிரி இருக்கும். பிடித்து உருவினால் விதை கையோடு வந்துவிடும். பச்சையாக இருந்தாலும் தின்னும், காய்ந்து நின்றாலும் மாடு விடாது. தையிலிருந்து ஆடி வரைக்கும் நின்ற நிலையில் அதுவே வைக்கோல். புல் குறைந்துபோகிற கோடையில் வெள்வேல் மரம் காயைக் கொட்டும். ஒன்று குறைகிற இடத்தில் இன்னொன்று கைகொடுக்கிறது பாருங்கள். புல்லுக்கு நடுவே நரிப்பயறுக் கொடி படர்ந்திருந்தால் அந்தக் கொறங்காடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் ஆறு ஏக்கரை மூன்று துண்டாக அடைத்திருக்கிறோம். ஒன்றில் மேயும்போது மற்ற இரண்டும் ஆறிக் கிடக்கும். மேய்க்க ஆள் வேண்டாம். காலையில் படலைத் திறந்துவிட்டால் பொழுதோட மாடு தானாகக் கட்டுத்தரைக்கு வந்து நிற்கும்.

2014-ல் நான் ஒரு தப்புப் பண்ணினேன். மேற்கு வேலி, இருநூறு அடி நீளம். கவாத்துப் பண்ண ஆள் கிடைக்கவில்லை, கூலியும் கட்டுப்படியாகவில்லை. பொக்லைன் கொண்டுவந்து ஒரே காலையில் பிடுங்கிப் போட்டுவிட்டு, கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தேன். எங்க அப்பாரு அப்போது இருந்தார். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடி பிறந்து காற்று அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கிளுவை நின்றவரை காற்று அதில் மோதி மேலே எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. இப்போது தரையோடு தரையாக வந்து புழுதியையும் புல்விதையையும் வாரிக்கொண்டு போனது. விடியற்காலையில் வேலியடியிலிருந்து கத்துகிற கௌதாரி அந்தப் பக்கமே வரவில்லை. மூன்று வருடம் மனசு கேட்காமல் கிடந்து, ஒரு ஐப்பசியில் பக்கத்துக் காட்டில் கொம்பு கேட்டு வாங்கி, கம்பியை ஒட்டியே சாணுக்கு ஒன்றாக ஊன்றினேன். இன்றைக்குத் தோள் உயரம் நிற்கிறது. போன வருடம் கௌதாரி திரும்பி வந்துவிட்டது. அப்பாருதான் இல்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், கம்பி வேலி வேகமாகப் பரவுகிறது. அதற்குப் பின்னாலேயே மனைப் பிரிவுக் கல்லும் வருகிறது. உங்கள் பாப்பா பெரிதாகி வரும்போது இந்த வேலி எத்தனை காட்டில் மிஞ்சியிருக்கும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. இப்போதே காட்டிவிடுங்கள்.

மாட்டுக்கு வருகிறேன். காங்கயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும். வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ஆறு மாதம் ஆவதற்குள் அந்தச் செம்மை போய்ச் சாம்பல் ஏறிவிடும். காளையாக நின்றால் தலை, கழுத்து, திமில், பின்தொடை எல்லாம் கருத்துக்கொண்டே போகும். காயடித்து எருதாக்கினால் கருமை வெளுத்துவிடும். மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்தை வைத்துத்தான் மாட்டைச் சொல்வோம். பால் ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் தந்தால் பெரிது, அதுவும் கன்றை முட்டவிட்ட பிறகுதான் இறங்கும். பாலுக்காக யாரும் இதை வளர்ப்பதில்லை. உழவும் வண்டியும் கவலையும் இதன் முதுகில்தான் ஓடின. கவலை என்றால் கிணற்றிலிருந்து தோல்பறியில் தண்ணீர் இறைக்கிற ஏற்றம், அம்மாவைக் கேளுங்கள், பார்த்திருப்பார். டிராக்டரும் மோட்டாரும் வந்தபின் வேலை போய்விட்டது. ஆனாலும் வீட்டில் ஒன்றாவது நிற்கட்டும் என்று வைத்திருக்கிறவர்கள் நிறைய.

நத்தக்காடையூரை ஒட்டிப் பழையகோட்டை. இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்து ஊர் உலகத்துக்குத் தெரியவைத்தவர் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார். அங்கே ஞாயிற்றுக்கிழமை காங்கயம் மாட்டுக்கென்றே சந்தை கூடும். கிளம்புவதற்கு முந்தின நாள் ஊரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குள் போனால்தான் நல்ல மாடுகளைப் பார்க்கலாம். வாயைப் பிடித்துப் பல் எண்ணுவார்கள், சுழி பார்ப்பார்கள், நாலு எட்டு நடக்கவிட்டுக் குளம்பு பார்ப்பார்கள். விலையை வாயால் சொல்லாமல் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாப்பாவைக் காளைக்குப் பின்னால் மட்டும் நிற்கவிடாதீர்கள். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரோடு கூடுகிற மாட்டுத்தாவணி இதைவிடப் பல மடங்கு பெரிது, அதற்கு இன்னொரு தடவை வாங்க. குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையமும் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போகணும்.

சந்தை முடிந்ததும் எங்கள் காட்டுக்கே வந்துவிடுங்கள். வழியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். மத்தியானம் அரிசியும் பருப்பும் சோறு, நெய், தயிர். வீட்டில் சொல்லிவிட்டேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிவன்மலைக்கு மேலே வரை வண்டி போகும், அம்மாவுக்குச் சிரமமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போங்கள். அங்கே மூலவர் சன்னதிக்கு முன்னால் தூணில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும், ஆண்டவர் உத்தரவுப் பெட்டி. யாராவது ஒரு பக்தர் கனவில் சாமி ஒரு பொருளைச் சொல்லும். அவர் வந்து சொன்னால், பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், தண்ணீர், நெல் எல்லாம் வைத்திருக்கிறார்கள். எது வைத்தால் எதில் ஏற்ற இறக்கம் வரும் என்று சுற்றுவட்டாரமே பேசிக்கொள்ளும். எங்கள் வீட்டில் விதைப்புக்கு முன்னால் "பெட்டியில என்ன வெச்சிருக்காங்க?" என்று கேட்காத வருடம் கிடையாது.

ஊருக்குள்ளே, காங்கயத்தைச் சுற்றித் தேங்காய்க் களங்களைப் பார்ப்பீர்கள். உடைத்த தேங்காய் மூடி மூடியாக வெயிலில் வாய் பிளந்து வெள்ளை வெளேரென்று கிடக்கும். எண்ணெய் ஆட்டுகிற மில்களின் வாசனை பஸ் ஸ்டாண்டு வரை வரும். அம்மாவின் காலத்தில் இத்தனை இருந்திருக்காது.

சனிக்கிழமை நொய்யல் பக்கம் போங்கள். ஆற்றின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்கிற கொடுமணம் இதுதான் என்கிறார்கள். 1985-லிருந்து பல தடவை தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி பட்டை தீட்டிய கூடங்கள் எல்லாம் வெளிவந்தன. மணிக்கல்லும் இந்த மண்ணில் கிடைப்பதுதான். திருப்பூர் ரோட்டில் இருக்கிற படியூரில் பச்சைக்கல், சிவன்மலைப் பக்கம் குருந்தக்கல். மேற்குக் கடற்கரையிலிருந்து கணவாய் வழியாக வந்து கரூருக்குப் போன வணிகர்கள் இங்கே தங்கி வாங்கிப் போனார்கள். இப்போது போனால் காடும் சில கல்வட்டங்களும்தான் இருக்கும், தோண்டிய குழிகளை மூடிவிடுவார்கள். ஆனால் பாப்பாவிடம் சொல்லி நிறுத்துங்கள், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த இடத்தில் உட்கார்ந்து ஒருவர் மணிக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார் என்று. ஒரு பானை ஓட்டுத் துண்டைக்கூட எடுத்துவர வேண்டாம்.

அதே வழியில் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று 1992-ல் திறந்தது, ஆனால் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. எங்க மாமா தோட்டம் அணைக்குக் கீழே. அந்தத் தென்னைகள் ஒவ்வொன்றாகக் குருத்துக் கருகிப் போனதை நான் பார்த்தேன். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபிறகுதான், கழிவை வெளியே விடாமல் சுத்திகரிப்பது கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. மாமா கிணற்றுத் தண்ணீரை இன்னும் யாரும் வாயில் வைப்பதில்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆற்றைப் பார்த்துவிட்டு இதைத் தெரியாமல் போவது சரியில்லை என்று தோன்றியது.


தறிச்சத்தம்:

அக்கா, சனிக்கிழமை கொடுமணல் வரை வந்துவிட்டுச் சென்னிமலைக்கு வராமல் போகாதீங்க. பக்கம்தான். படி 1,320 இருக்கு, ஆனா அம்மாவுக்குக் கவலை வேண்டாம், மலைக்கு ரோடும் இருக்கு. காலையில் சீக்கிரம் வந்தால் சாமி அபிஷேகத்துக்குத் தண்ணீர் சுமந்துகொண்டு பொதிக்காளை படியேறிப் போவதை உங்க பொண்ணு பார்க்கலாம்.

அம்மா 1984-ல் காங்கயத்தில் இருந்திருக்காங்க, அதனால் கேட்கிறேன். அந்த வருடம் பிப்ரவரி 12-ஆம் தேதி இரட்டை மாட்டு வண்டி ஒன்று 1,320 படியும் ஏறி மேலே போச்சு. எங்க அப்பாவுக்கு அப்போது பதினாறு வயசு. தறியை நிறுத்திவிட்டுத் தெருவே மலையடிவாரத்தில் நின்றதாம். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு கூட்டத்தை அவர் பார்த்ததில்லையாம். அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்க.

எங்க வீட்டில் இன்னும் ஒரு குழித்தறி ஓடுது, போர்வை நெய்யறோம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தார் (குறுக்கே ஓடுகிற நூலைச் சுற்றுகிற குழல்) சுற்றிவிட்டுத்தான் விளையாடப் போவேன். ராட்டையை வலது கையால் சுற்றி, இடது கையில் நூலைப் பிடிக்கணும். இறுக்கிப் பிடித்தால் அறுந்துவிடும், தளர்ந்தால் தார் புடைத்துக்கொண்டு, தறியில் அதைத் தாங்கி ஓடுகிற நாடாவுக்குள் சிக்கும். அந்தப் பிடி என் இடது ஆள்காட்டி விரலில் கோடாகவே விழுந்திருக்கு. போர்வை வாங்கணும் என்றால் கூட்டுறவுச் சங்கத்துக் கடையில் கைத்தறி முத்திரை பார்த்து வாங்குங்க. ரோட்டோரம் அடுக்கி வைத்திருப்பதில் விசைத்தறித் துணி நிறையக் கலந்திருக்கும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். நாலு தடவை துவைத்தபின் கையில் எடுத்துப் பாருங்க, கைத்தறி இன்னும் மெத்தென்று ஆகியிருக்கும்.


துளசிமாடம்:

எல்லோருக்கும் நன்றி. பழனி ரத்து. கொறங்காடு அண்ணா, உங்கள் பதிவை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "கவலை" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, எருது சரிவில் முன்னால் இறங்கி இழுக்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்து பாடுவார் என்று சொன்னார். இது எனக்குப் புதிது.

தறிச்சத்தம், வண்டி ஏறியது அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் வயிற்றில் இருந்தேனாம், அதனால் அம்மா போகவில்லை. அப்பா மட்டும் ஆபீஸ் நண்பரோடு சைக்கிளில் போய், ராத்திரி வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தாராம்.


ஈரோட்டுப் பயணி:

ஞாயிறு திரும்பும்போது நேரம் இருந்தால் ஓடாநிலையில் தீரன் சின்னமலை மணிமண்டபத்தில் இறங்குங்கள், அறச்சலூரிலிருந்து பக்கம். அவர் பிறந்த மேலப்பாளையமும் காங்கயத்துக்கு அருகில்தான். 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல் என்று அனுப்பிவைத்தார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. இரண்டு மலையையும் பார்த்துவிட்டு வரும்போது அது புரியும்.


துளசிமாடம்:

போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

வெள்ளிக்கிழமை பழைய வீட்டைத் தேடினோம். அந்த வீடு இல்லை, மாடிக் கட்டிடம் வந்திருக்கிறது. ஆனால் பக்கத்து வீடு அப்படியே இருந்தது, அதே இடுப்பளவு சுவர். கொள்ளுப்பருப்பு கொடுத்த அக்கா இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாராம். போன் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா தெருவில் நின்றே அரை மணி நேரம் பேசினார்.

கொடுமணலில் மகள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் நின்றாள். சென்னிமலைக்கு ரோட்டில் போய்த் தரிசனம் முடித்துக் கீழே வந்ததும், அம்மா அடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் முதல் படியில் உட்கார்ந்தார். "இங்கேதான் நின்னு பார்த்திருப்பார்" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். சங்கத்துக் கடையில் மூன்று போர்வை வாங்கினோம். அதில் ஒன்றை அம்மா இன்னும் பிரிக்கவில்லை.

ஞாயிறு அண்ணா வீட்டில் சாப்பிட்ட அரிசியும் பருப்பும் சோற்றைப் பற்றி மகள் தன் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். பதினைந்து நாள் கன்று ஒன்று செங்கல் நிறத்தில் இருந்தது. அவள் கையை நீட்டினாள், அது மணிக்கட்டு வரை நக்கியது, நாக்கு உப்புத்தாள் மாதிரி இருக்கிறது என்று கத்தினாள். கௌதாரி கத்தியதையும் கேட்டோம். மேற்கு வேலிப் பக்கம்தான்.

அண்ணா, உங்கள் வீட்டு அக்கா ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்த கிளுவைக் கொம்பு இரண்டையும் மொட்டைமாடியில் தொட்டியில் ஊன்றினேன். ஒன்று கறுத்துவிட்டது. இன்னொன்றில் நேற்று இரண்டு துளிர் விட்டிருக்கிறது, அரிசி அளவு. மகள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறாள். சரியா?


கொறங்காடு:

ஐயோ, காலையும் மாலையும் வேண்டாம் அம்மணி, அழுகிவிடும். கறுத்துப்போனது அதனால்தான் இருக்கும். மண்ணில் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு கணுவுக்குக் கீழே ஈரம் தெரிந்தால் விட்டுவிடணும். வாரத்துக்கு ஒரு தடவை போதும். நல்ல வெயிலில் வையுங்கள். கோடையில் இலை முழுவதும் கொட்டிவிடும், பாப்பா பயந்துவிடப் போகிறாள், இப்போதே சொல்லி வையுங்கள். மழை விழுந்தால் வந்துவிடும்.

கன்றுக்கு நெற்றியில் சாம்பல் ஏற ஆரம்பித்துவிட்டது. படம் எடுத்து அனுப்புகிறேன்.